பிள்ளைக்குப் பிள்ளை சொன்னால்: மாணவ ஆரோக்கியத் தூதர்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒரு பிள்ளைக்கு ‘ஆரோக்கியத் தூதர்’ என்று பேட்ஜ் குத்தியாயிற்று. அசெம்பிளியில் அவள் உறுதிமொழி வாசிக்க, மற்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். பிறகு அட்டை பிடித்துக் கடைவீதி வரை ஊர்வலம். போட்டோ பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி.

மாணவர்களைக் கொண்டே மாணவர்களிடம் நல்ல பழக்கங்களைப் பரப்புவது என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வருவது இந்தக் காட்சிதான். ஆனால் அந்த யோசனைக்கும் இந்த ஊர்வலத்துக்கும் சம்பந்தம் குறைவு. மதியச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, விளையாடி முடித்துக் குழாயடிக்கு ஓடும்போது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் போகிற போக்கில் சொல்லும் இரண்டு வார்த்தைதான் அதன் அடிப்படை. அந்த இரண்டு வார்த்தை சரியானதாக, மற்ற பிள்ளைகள் மதிக்கிற ஒருவரிடமிருந்து வரும்படி ஏற்பாடு செய்வதுதான் பெரியவர்களின் வேலை. கேரளத்துப் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களையும் தமிழ்வழி வகுப்புகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

எங்கிருந்து வந்தது

1979-ஐ ஐ.நா. சபை சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்திருந்தது. அதையொட்டி லண்டனில் டேவிட் மார்லி என்ற குழந்தை மருத்துவரும் ஹியூ ஹாஸ் என்ற கல்வியாளரும் சேர்ந்து ‘சைல்டு டு சைல்டு’ என்ற முறையைத் தொடங்கினார்கள். மார்லி நைஜீரியாவில் கிராமத்துக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். ஏழை நாடுகளில் தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து வளர்ப்பது பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள்தான். அப்படியானால் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதை அந்த அக்காவுக்கே சொல்லிக்கொடுத்தால் என்ன? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டி அளந்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பத்து வயதுப் பிள்ளையால் இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும், செய்யவும் முடியும். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போய்விடும் வீடுகளில் ஆறாம் கிளாஸ் அக்காவே தம்பிக்குக் குளிப்பாட்டித் தலை சீவி அனுப்புவதை நம் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்த முறைக்கு ஆறு படிகள் வைத்தார்கள். தலைப்பைத் தேர்ந்து புரிந்துகொள்வது, அக்கம்பக்கத்தில் விசாரித்து நிலைமையைத் தெரிந்துகொள்வது, கண்டதைப் பேசி என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, செய்வது, பலன் இருந்ததா என்று பார்ப்பது, அடுத்த தடவை இன்னும் நன்றாகச் செய்வது. இதில் பள்ளிகள் முதல் படியிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவிவிடுகின்றன. விசாரிக்கும் படியை விட்டுவிட்டால் என்ன கெடும் என்பதற்குக் கீழே ஒரு உதாரணம் வரும்.

நம் நாட்டில் இதற்கு அரசு ஏற்பாடுகள் இருக்கின்றன. 2014 ஜனவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பிள்ளைகளுக்கானது. அதில் ஊர்ப் பிள்ளைகளிலேயே சிலரைத் தேர்ந்து ‘சாத்தியா’ என்று பெயர் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். 2020-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி ஆரோக்கியத் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் தூதர்கள், வகுப்புத் தலைவர்களான மாணவர்கள் செய்தி கொண்டுபோகிறவர்கள், பாடத் தலைப்புகள் 11. கேரளத்தில் இவற்றோடு குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பு நடத்தும் பிள்ளைகள் குழுக்களான பாலசபைகள் உண்டு. 2010-ல் தொடங்கிய ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் படை உண்டு. போதைப் பழக்கத்துக்கு எதிரான எக்சைஸ் துறையின் விமுக்தி இயக்கமும் உண்டு. ஆக, தாளில் எதற்கும் குறைவில்லை.

பிள்ளைகள் ஏன் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கிறார்கள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகளுக்குச் சேக்காளிகளின் பார்வை மிகவும் முக்கியமாகிவிடுகிறது. இதை அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005-ல் ஒரு எளிய சோதனையால் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது. தனியாக ஆடும்போது வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் துணிச்சலை வெகுவாகக் கூட்டிக்கொண்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றமே இல்லை.

சேக்காளி பக்கத்தில் நிற்பதாலேயே ஒரு பையன் பீடியை வாங்கி இழுத்துப் பார்க்கிறான் என்றால், அதே சேக்காளி “எனக்கு வேண்டாம்டா, வாய் நாறும்” என்று சொல்வதற்கும் அதே பலம் உண்டு. இந்த முறை முழுக்க நிற்பது இதன்மேல்தான்.

இன்னொன்றும் உண்டு. ‘எல்லாரும் பண்றாங்க’ என்று பிள்ளைகள் நினைக்கும் கணக்கு பெரும்பாலும் உண்மையைவிடப் பெரியது. வகுப்பில் இரண்டு பேர் புகையிலை போட்டால், அதைப் பற்றிய பேச்சு இருபது பேர் அளவுக்கு இருக்கும். போடாத முப்பது பேரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. போடாதவர்கள்தான் அதிகம் என்பதை ஆசிரியர் சொன்னால் அது புத்திமதியாகிவிடுகிறது. கூடப் படிக்கிறவன் சொன்னால் அது வெறும் தகவல்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கிற இடம் இது. ஆசிரியர் கண்ணுக்குப் படுகிற பிள்ளை முன்பெஞ்சில் இருக்கும்: கையெழுத்து அழகு, சீருடை கசங்காது, கேள்வி கேட்டால் முதலில் கை தூக்கும். மற்ற பிள்ளைகள் அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்பார்களா என்பது வேறு விஷயம். “டீச்சரோட ஆளு” என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை எவ்வளவு நல்லதைச் சொன்னாலும் எடுபடாது.

பிரிட்டனில் வேல்ஸிலும் மேற்கு இங்கிலாந்திலுமாக 59 பள்ளிகளில் நடந்த ‘அசிஸ்ட்’ என்ற ஆய்வு இதை வேறு விதமாகச் செய்தது. அதன் முடிவுகள் 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. 12, 13 வயது மாணவர்களிடமே எழுதிக் கேட்டார்கள்: உங்கள் வகுப்பில் யாரை மதிக்கிறீர்கள், குழுவை நடத்துவதில் யார் கெட்டிக்காரர், யாரைப் பார்த்து அவரைப்போல இருக்க நினைக்கிறீர்கள். அதிகப் பெயர் விழுந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, பள்ளிக்கு வெளியே ஓர் இடத்தில், ஆசிரியர் அல்லாதவர்களைக் கொண்டு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு பத்து வாரம் அந்தப் பிள்ளைகள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: சமயம் வாய்த்தபோது நண்பர்களிடம் புகைப்பதைப் பற்றிப் பேசி, பேசியதை ஒரு டைரியில் குறித்துவைத்தார்கள். மேடையில்லை, அட்டையில்லை, பேச்சுப் போட்டியில்லை. இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட இந்தப் பள்ளிகளில் ஒரு மாணவர் புகைப்பவராக இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் சுமார் 22 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு நாள் பயிற்சிக்கு இது சாதாரணப் பலன் அல்ல.

நம் பள்ளிகளில் இதற்குத் தேவை ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, பத்து நிமிடம். “வயித்து வலின்னா முதல்ல யாருகிட்டச் சொல்லுவ? விளையாட்டுல யாரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க?” என்று இரண்டு கேள்வி போதும். சீட்டுகளை ஆசிரியர் மட்டும் பார்க்க வேண்டும். யாருக்கு எத்தனை பெயர் விழுந்தது என்று வகுப்பில் வாசித்தால் ஒரு பெயரும் விழாத பிள்ளைக்கு அது வடுவாகிவிடும். சீட்டில் அதிகம் வருகிற பெயர் கடைசிப் பெஞ்சு கபடிக்காரனுடையதாக இருந்தால் தலைமையாசிரியர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் அவனைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பெண் பிள்ளைகள் பட்டியலும் ஆண் பிள்ளைகள் பட்டியலும் தனித்தனியே வரட்டும். வடகரப்பதியிலிருந்து பஸ்ஸில் வருகிற கூட்டம், உள்ளூர்க் கூட்டம், ஹாஸ்டல் பிள்ளைகள், பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் என்று வகுப்பில் எத்தனை கூட்டம் இருக்கிறதோ அத்தனையிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். ஒரு கூட்டத்தின் பேச்சு இன்னொரு கூட்டத்துக்குள் போகாது.

பல்லில் கறை: விசாரிக்காமல் தொடங்கினால் என்ன ஆகும்

எங்கள் பக்கத்து ஒரு பள்ளியில் தூதர் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். காலையில் வகுப்பு தொடங்குமுன் வரிசையாக நகம், தலை, பல் பார்த்து ‘சரி’ அல்லது ‘தவறு’ போட வேண்டும். ஐந்தாம் கிளாஸ் பையன் ஒருவனுக்கு ‘பல்’ என்ற கட்டத்தில் நாள் தவறாமல் பெருக்கல் குறி விழுந்தது. முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. “ஈன்னு காட்டுடா” என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வான். அவனுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, “டீச்சர், தினமும் எம்முன்னாடிதானுங்க பல்லுத் தேய்க்கறான். பொய்யுங்களா சொல்றேன்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது உண்மை. அந்தக் கோடு அழுக்கல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பால் வரும் கறை. கேரளத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள மாவட்டங்கள் என்று பேரெடுத்தவை பாலக்காடும் ஆலப்புழையும். பாலக்காட்டில் அது இந்தக் கிழக்கு ஓரத்தில்தான் கூடுதல். இங்கே மழை குறைவு, அடியில் கடினப் பாறை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அந்தப் பாறை இடுக்குகளிலேயே நெடுங்காலம் கிடப்பதால் பாறையிலுள்ள ஃப்ளோரைடு அதில் கரைந்து ஏறுகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்குமேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதில், நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரையிலான காலத்தில், தொடர்ந்து குடித்தால் பல்லின் மேற்பூச்சு பாதிக்கப்படும். முதலில் சுண்ணாம்புபோல வெள்ளைத் திட்டு தெரியும்; பாதிப்பு கூடினால் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது. அதிக அளவில் பல ஆண்டுகள் உள்ளே போனால் எலும்பையும் மூட்டையும்கூடப் பாதிக்கும்.

ஆக, நல்ல பழக்கம் பரப்பும் திட்டம் அந்தப் பையனுக்குச் செய்தது ஒன்றுதான்: செய்யாத குற்றத்துக்கு வகுப்பின் முன்னால் தினசரி தண்டனை. நோட்டுப் பிடித்த பிள்ளைமேல் தவறில்லை. அவளிடம் கொடுத்த வேலைதான் தவறு. சோதித்துக் குறி போடுவது போலீஸ் வேலை. அதை ஒரு பிள்ளை செய்யத் தொடங்கியதுமே சேக்காளி என்ற பலம் போய்விடுகிறது.

இதே விஷயத்தை அந்த ஆறு படியின் வழியில் எடுத்துப் பாருங்கள். பல்லும் தண்ணீரும்தான் தலைப்பு. பிள்ளைகள் அவரவர் வீட்டில் விசாரிக்கிறார்கள்: குடிக்கிற தண்ணீர் எது, போர் தண்ணீரா, திறந்த கிணறா, ஆற்றுத் தண்ணீர்க் குழாயா, டேங்கர் லாரியா, கேன் தண்ணீரா? எத்தனை அடி போர்? காய்ச்சிக் குடிக்கிறீர்களா? காய்ச்சினால் போதும் என்றுதான் பாதி வீட்டில் பதில் வரும். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு காய்ச்சுவதால் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறைவதால் மிச்சத்தில் அது சற்றுக் கூடவே செய்யும். இதைப் பிள்ளைகள் வீட்டில் சொன்னால் பாட்டிமார் நம்புவது கஷ்டம்தான்.

அடுத்து, ஆசிரியரும் ஊர்ச் சுகாதார நர்ஸான ஜே.பி.எச்.என். சிஸ்டரும் சேர்ந்து பள்ளிக்கூடப் போர் தண்ணீரையும், பிள்ளைகள் வீட்டுத் தண்ணீர் சிலவற்றையும் வாட்டர் அத்தாரிட்டி லேபுக்கு அனுப்புகிறார்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய பங்கு. முடிவு வந்ததும் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம்மால் செய்யக்கூடியது என்ன? குடிக்கத் தகுந்த குழாய்க்குப் பச்சைப் பெயிண்ட், கை கழுவ மட்டும் உள்ள போர்க் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட். ஒன்றாம் கிளாஸ் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். “டேய் குட்டி, செவப்புல குடிக்காத, இந்தப் பக்கம் வா” என்று ஏழாம் கிளாஸ் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. வீட்டில் ஐந்து வயதுத் தம்பி பேஸ்ட்டை விழுங்குகிறானா என்று பார்ப்பதும், அவனுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்று சொல்வதும் இந்தப் பிள்ளைகளால் முடியும். ஏற்கெனவே கறை விழுந்த பிள்ளையைக் கேலி செய்கிறவர்களிடம், “அது தேய்க்காததால இல்லடா, தண்ணியால வந்தது” என்று சொல்வதும் அவர்களால்தான் முடியும். அதைப் பெரியவர் யாரும் குழாயடியில் நின்று சொல்லப்போவதில்லை.

கேரளப் பள்ளிகளில் 2024 பிப்ரவரியில் வாட்டர் பெல் கொண்டுவந்தார்கள். காலையில் ஒன்று, மதியத்துக்குமேல் ஒன்று, தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் இந்தக் கிழக்கு ஓரம் அடங்கிய சித்தூர் தாலுகாவில் மணி அடித்தால் மட்டும் போதாது. எந்தக் குழாய் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரே செய்தி வரும். அதை இந்த ஊருக்குத் தக்கபடி திருத்துவது இங்கே இருக்கிற பிள்ளைகளின் விசாரிப்பில்தான் நடக்கும்.

புகையிலை

இந்த முறைக்கு மிகப் பலமான சான்று கிடைத்திருப்பது புகையிலையில்தான், அதுவும் நம் நாட்டிலேயே. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் ‘மைத்ரி’ என்ற திட்டம் நடந்தது. ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைத் தலைவர்களாக்கி, வகுப்பறை விளையாட்டுகளையும் விவாதங்களையும் அவர்களைக் கொண்டே நடத்தினார்கள். இரண்டு ஆண்டு முடிவில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது.

எல்லையோரப் பள்ளிகளுக்கு இது தேவைப்படுகிற அளவுக்கு மற்ற இடங்களுக்குத் தேவைப்படுமா என்பது சந்தேகம். குட்காவுக்குக் கேரளத்தில் 2012-லும் தமிழ்நாட்டில் 2013-லும் தடை வந்தது. இருந்தும் உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற சின்னப் பொட்டலம் ஏதோ ஒரு வழியில் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்துவிடுகிறது. புகை கிடையாது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் கண்டுபிடிப்பது கடினம், பக்கத்து பெஞ்சு நண்பனுக்கு முதல் நாளே தெரியும்.

அந்த நண்பன் என்ன சொல்ல வேண்டும்? முப்பது வருடம் கழித்து வரும் வாய்ப்புற்றுநோயைப் பதின்மூன்று வயதுப் பையன் பொருட்படுத்தமாட்டான். பயங்கரப் படம் ஒட்டினால் இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் சிரிப்பான். இன்றைக்கு வாய் நாறுகிறது, பீடி இழுத்தால் ஓடும்போது மூச்சு வாங்குகிறது, வாரக் கடைசியில் பரோட்டாவுக்கு வைத்திருந்த காசு போகிறது: இவை பேச்சுக்கு உதவும். அதைவிட, யாராவது நீட்டும்போது எப்படி மறுப்பது என்று இரண்டு பேராக நின்று நடித்துப் பழகுவது உதவும். “வேண்டாம்” என்று சொல்வது பன்னிரண்டு வயதில் லேசான காரியமல்ல. சிரித்துக்கொண்டே சொல்வது, பேச்சை மாற்றுவது, “கோச் பார்த்தா டீம்ல இருந்து தூக்கிடுவார்” என்று பழியை வேறு ஆள்மேல் போடுவது என்று பிள்ளைகளே பத்து வழி கண்டுபிடிப்பார்கள்.

ஒன்று மட்டும் கூடாது. எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று உளவு பார்க்கப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். அதை அமல்படுத்துவது போலீஸும் எக்சைஸும் பஞ்சாயத்தும் செய்ய வேண்டிய வேலை. தகவல் கொடுத்த பிள்ளை மறுநாளும் அதே கடை வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து போக வேண்டும்.

மற்றவை

சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குடற்புழு மாத்திரை நாளன்று பயந்து ஒளிகிற சின்னப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது, வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட வயிற்றோடு போடச் சொல்வது ஆகியவை பிள்ளைகள் கையில் நன்றாக நடக்கும் விஷயங்கள். மாத்திரையைக் கொடுப்பது மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்திருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காமல், சிப்ஸுக்குப் பதில் வேகவைத்த நிலக்கடலை என்பதை வகுப்பில் ஸ்டைலாக்கிவிட்டால் போதும். அந்தக் கடலை நம் தோட்டத்திலேயே விளைகிறது. மாதவிடாய் பற்றிப் பேசுவதற்கு எட்டாம் கிளாஸ் அக்கா ஆறாம் கிளாஸ் தங்கைக்குப் போதும். பேட் எங்கே இருக்கிறது, பயன்படுத்தியதை எங்கே போடுவது, எந்த டீச்சரிடம் கேட்கலாம் என்ற மூன்று செய்தியைச் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

பிள்ளைகள் தோளில் வைக்கக் கூடாதவை

சேக்காளியிடம் சேக்காளி மனம் திறப்பான். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு பிள்ளை, வீட்டில் ஒருவர் தன்னிடம் தப்பாக நடக்கிறார் என்றோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றோ சொன்னால், கேட்ட பிள்ளை என்ன செய்வது? பயிற்சியின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். ரகசியம் காக்கலாம்; ஆனால் யாருக்காவது அடிபடும், ஆபத்து வரும் என்றால் அது காக்கிற ரகசியம் அல்ல, அன்றே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்டியிருக்கவும் வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது பெரியவர்களுக்குக் குற்றம். பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை கிடையாது. 1098 என்ற சைல்டுலைன் எண்ணும், கேரளத்தின் திசா உதவி எண்ணான 1056-உம், மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416-உம் வகுப்புச் சுவரில் தமிழில் எழுதியிருக்கட்டும்.

வீட்டு விஷயத்தை வகுப்புக்குள் இழுப்பதும் வேண்டாம். “யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், கை தூக்குங்கள்” என்று கேட்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். தென்னந்தோப்பில் கள் இறக்குவதும் கள்ளுக்கடையில் வேலை செய்வதும் பிழைப்பாக உள்ள ஊர் இது. பிள்ளையைக் கொண்டு அப்பனைத் திருத்துகிறேன் என்று இறங்கினால் அடி வாங்குவது பிள்ளைதான்.

பெரியவர்களுக்கு உள்ள வேலை

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்த ‘செஹெர்’ ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒரே பள்ளி ஆரோக்கியத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும் சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆசிரியர்கள் நடத்தியவற்றில் தெரியவில்லை. ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பாடம், சத்துணவுக் கணக்கு, சென்சஸ், தேர்தல் என்று ஏற்கெனவே நிரம்பி வழிகிற கையில் இன்னொன்றை வைத்தால் அது கீழேதான் விழும். ஆகவே பள்ளியில் யாராவது ஒருவருக்கு வாரத்தில் ஒரு பீரியட் இதற்கென்றே ஒழித்துக் கொடுக்காமல் மாணவத் தூதர்களை நியமிப்பதில் பிரயோஜனம் இல்லை. பயிற்சி பெற்ற பிள்ளைகள் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து, என்ன பேசினோம், யார் சிரித்தார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சுகாதாரத் துறையின் போஸ்டரும் நோட்டீஸும் மலையாளத்தில்தான் பெரும்பாலும் வரும். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்கு அது சுவரில் ஒட்டிய படம் மட்டுமே. ஜே.பி.எச்.என். சிஸ்டரை ஒரு நாள் வரவழைத்து, இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழில் எழுதச் சொல்லலாம். எழுதி முடித்ததைச் சிஸ்டர் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். மருந்தின் அளவு, தேதி இவற்றில் பிள்ளைகளின் கைத்தவறு ஆபத்து. ஆஷா அக்காக்கள் இரண்டு மொழியிலும் பேசுவார்கள், அவர்களையும் கூப்பிடலாம்.

பொருள் இல்லாத உபதேசத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்காதீர்கள். தண்ணீர் வராத குழாயின் முன் நின்று “கை கழுவுங்கள்” என்று சொன்ன பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. முதலில் பி.டி.ஏ. குழாயைச் சரிசெய்யட்டும். தூதர்களை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள், பழையவர்கள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். பரிசு, கோப்பை, சிறந்த தூதர் விருது எதுவும் வேண்டாம். போட்டி வந்தால் பேச்சு மேடைக்குப் போய்விடும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. கை கழுவும் தொட்டியில் ஒரே அளவுள்ள சோப்பைப் பழைய வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் கட்டிய தேதியையும் கரைந்து தீர்ந்த தேதியையும் பக்கத்துச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். சோப்பு முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது என்றால் பேச்சு வேலை செய்கிறது. நகத்தை, பல்லை, யாருடைய முகத்தையும் பார்த்துக் குறி போட வேண்டிய அவசியமில்லை. விழா நடந்த வாரத்துச் சோப்பை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வாரம் எல்லோரும் கழுவுவார்கள்.